நாடி பற்றிய பக்கம்

1987 நவம்பர் 12, வியாழக்கிழமை. மத்திய லண்டனில் ஒரு தனியார் நூலகத்தின் நிலவறையில், ஸ்கொட்லாந்துத் தீவொன்றின் பரம்பரை வைத்தியக் குடும்பம் கேலிக் மொழியில் எழுதிய கையெழுத்துப் புத்தகம் நுண்படமாக்கப்பட்டது.

கமலாம்பிகை கன்றுத்தோல் பக்கங்களை இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காலால் மிதியை அழுத்துவாள். மிதி அழுந்தியிருக்கும்வரை மேலேயுள்ள கமரா எடுத்துக்கொண்டே இருக்கும்.

மூன்றரை மணிக்கு, இருட்டறையில் படம் கழுவும் முருகேசன் காலையில் எடுத்த சுருளைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"என்னங்க, எனக்குத் தெரியாம அசிஸ்டென்ட் வெச்சிருக்கீங்களா?"

"பகிடி விடாதேங்கோ. தனியத்தான் எடுத்தனான்."

உருப்பெருக்கியில் குனிந்து பார்த்தாள். கட்டம் 41: பக்கத்தின் ஓரத்தில் இன்னொரு கட்டைவிரல். கட்டம் 52: அவள் மணிக்கட்டின் மேல் மூன்று விரல்கள்.

"உங்க வலது கைதான். புக்கு நாளைக்குத் திரும்பிப் போவுது, 41ல ஓரந்தான், 52ஆவது பக்கத்தை மட்டும் மறுபடி எடுத்துடுங்க."

"கொஞ்சம் நில்லுங்கோவன். எனக்கு நெஞ்சு ஒருமாதிரி இருக்கு."

"டிசம்பர்ல ஆபரேஷன் முடிஞ்சா வால்வு சரியாயிடும். பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

புத்தகத்தோடு வந்த குறிப்பை அவள் அப்போதுதான் முழுதாக வாசித்தாள். புத்தகம் இரவல் போனால் குடும்பத்து வைத்தியர் ஒருவரும் கூடவே போய் அருகில் இருப்பது அவர்களின் வழக்கம். கடைசி வைத்தியர் 1740இல் இறந்துவிட்டார். குறிப்பின்படி, கட்டம் 52இன் பக்கம் நாடி பற்றியது: மூன்று விரல்களின் கீழும் துடிப்பு நின்றுவிட்டால், வைத்தியர் கையை எடுத்துவிட்டுப் பேசாமல் வெளியேற வேண்டும்.

புதுச் சுருளைப் போட்டு அந்தப் பக்கத்தை விரித்தாள். சூடாக்கிக் குழாய்கள் டிக் டிக்கென்று சுருங்கும் சத்தமும், மேலே தெருவில் பஸ் போகும்போது கண்ணாடித் தட்டு மெல்ல அதிர்வதும், பழந்தோலின் நாற்றத்துக்குள்ளிருந்து நனைந்த கம்பளியும் புகையுமாய் ஒரு மனித வாடை எழுவதும், எல்லாம் அவளுக்கு மிக அருகில் இருந்தன. விளக்கொளியில் அவள் கை மட்டும் தெரிந்தது. மிதியை அழுத்தினாள்.

மணிக்கட்டில் குளிர். ஒரு விரல்.

கையை இழுக்க நினைத்தாள். ஏலவில்லை.

இரண்டாவது விரல். பொறுமையாக. எண்ணுவதுபோல.

மூன்றாவது.

முருகேசன் திரும்பி வந்தபோது, அவர் சாத்திவிட்டுப் போன கதவு திறந்து கிடந்தது. அவள் கால் மிதியின் மேலேயே கிடந்தது; கமரா ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சுருள் திங்கட்கிழமை கழுவப்பட்டது. கட்டம் 1 முதல் 8 வரை அவள் மணிக்கட்டின் மேல் மூன்று விரல்கள். ஒன்பதில் அவை சற்று உயர்ந்திருந்தன. பத்து முதல் 580 வரை ஒரே படம்: பக்கத்தை அழுத்தியபடி அவள் கை.