கோப்பில் இல்லாத பெரிய எண்

"சார், நான் ஒரு வரியைக்கூட அழிக்கலை! சாயந்தரத்துக்குள்ள நிரூபிக்கலைன்னா வேலை போயிடும்."

ஆஸ்டின் டவுனில் துப்பறிவாளர் ரெமிஜியஸின் அறைக்குள் ஜூடித் மூச்சிரைக்க வந்து நின்றாள். குடியிருப்புகளின் மாதத் தண்ணீர்ச் செலவை அலசும் லிங்கராஜபுரத்து ஆய்வு நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. ரெமிஜியஸின் உதவியாளர் ஜோவிதாவுக்குக் கை பரபரத்தது. மர்மம் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஆபீஸின் பழைய கணினியில் ‘சம்மரி’ கட்டளை கொடுத்து, ஜூடித் தகவலின் சுருக்கத்தை எடுத்து அனுப்பியிருந்தாள். அதில் மிக அதிகம் 1235000 லிட்டர். மேலாளர் சீனிவாசராகவன் கோப்பில் தேடினால் அந்த எண்ணே இல்லை. ஜூடித்தின் புது லேப்டாப்போ, அதே கோப்புக்கு 1234618 என்றது. சுருக்கம் எடுத்தபின் அவள் அந்த வரியை அழித்துவிட்டாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

"பாஸ்வேர்டை யாரோ திருடியிருக்காங்க சார்!" என்று துள்ளினாள் ஜோவிதா.

ஜூடித் கொண்டுவந்திருந்த சுருக்கத்தின் அச்சுத் தாளையே ரெமிஜியஸ் பார்த்தார். "மிகக் குறைவு 4127. இது கோப்புல இருக்கா?"

"அப்படியே இருக்கு சார்."

"பழைய கணினியில மென்பொருளை எப்போ புதுப்பிச்சீங்க?"

"பத்து வருஷமா தொடலை. பழைய ரிப்போர்ட்டோட ஒத்துப்போகணும்னு மேலாளர் விடமாட்டார்."

ரெமிஜியஸ் சிரித்தபடி எழுந்தார். "ஜோவிதா, ஆட்டோ கூப்பிடு."

நான்கு மணிக்கு ஆபீஸே பழைய கணினியைச் சூழ்ந்து நின்றது. ரெமிஜியஸ் சொன்னபடி ஜோவிதா புதுக் கோப்பு திறந்து, 1234618 என்ற ஒரே ஓர் எண்ணை அடித்தாள். ‘சம்மரி’ கொடுத்தாள்.

திரையில் 1235000.

"இருக்கிறதே ஒரு வரி. இதுல யாரு எதை அழிச்சாங்க?" என்றார் ரெமிஜியஸ். "பழைய சம்மரி முதல் நாலு இலக்கத்துக்கு ரவுண்ட் பண்ணி மீதியைப் பூஜ்யமாக்கிடும். 1234-க்கு அடுத்த இலக்கம் 6, அதனால அது 1235 ஆயிடுச்சு. 4127 நாலே இலக்கம், அதனால தப்பிச்சுது. பெரிய எண்ணுங்கதான் மாட்டிக்கிச்சு."

"மெஷின் தப்பு பண்ணுமா?" சீனிவாசராகவன் விடவில்லை.

ஜோவிதாவின் கண் அவர் தலைக்கு மேலே போனது. அவர் கையெழுத்திட்ட போன வருட அறிக்கை அங்கே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. மிக அதிகம்: 1198000. அதிலும் கடைசியில் அதே மூன்று பூஜ்யங்கள்.

"சார், போன வருஷம் நீங்க எந்த வரியை அழிச்சீங்க?"

சீனிவாசராகவன் நிமிர்ந்து பார்த்தார். மேசைமேல் கிடந்த பணிநீக்கக் கடிதத்தை எடுத்து, "கிழிச்சுப் போட்டுடும்மா" என்று ஜூடித்தின் கையில் கொடுத்தார். அவள் அதை அழுதுகொண்டே கிழித்தாள்.