மூடி வைத்த மிளகாய்

மாசி மாசத்தில் மழை பெய்யலாமா? பெய்ததே... பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்த மறு வருஷம், கமுதிப் பக்கம், மிளகாய் காயும் நேரமாகப் பார்த்துப் பெய்தது. இருபது வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் அந்த மழையை நினைத்தால் சண்முகவள்ளிக்குக் கோபம் வரும், கூடவே வெட்கமும் வரும்.

அன்று அவள் உரம் வாங்கக் கமுதிக்குப் போயிருந்தாள். மழை விட்டு வெயில் ஏறிய பிறகுதான் அடித்துப் பிடித்து மிளகாய் காயும் களத்துக்கு ஓடிவர முடிந்தது. பார்த்தால்... சாலையோரம் ஒரு கருவாட்டு வேன். மிளகாயை எல்லாம் குவித்து, தார்ப்பாய் போட்டு இறுக்க மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு நெட்டையன், பெரிய உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

தார்ப்பாயைத் தூக்கினாள். குப்பென்று ஆவி அடித்தது.

"யாரக் கேட்டு மூடுனீக?"

"நனையுதேன்னு மூடுனேன். கருவாட்ட நாங்க இப்படித்தான்..."

"நனைஞ்ச மிளகாப் பழத்தக் குவிச்சு மூடுனா அவிஞ்சு வெளுத்துச் சோடையாப் போகும். மழ விட்டதும் விரிக்கணும். கடக்கரை ஆளுக்கு இது எங்க தெரியப்போகுது."

அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு விரிக்க உட்கார்ந்துவிட்டான். பாம்பன் தீவில் அக்காள்மடமாம், பேர் செபஸ்தியானாம்.

பொழுது சாயும்வரை இருவரும் பழத்தைப் புரட்டினார்கள். காந்தலில் அவன் கண் சிவந்து நீர் கொட்டியது.

"கசக்காதீக... இன்னும் எரியும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். நீர் வழிந்த அந்தக் கண்களில் அப்படியொரு சிரிப்பு... எந்தப் பக்கம் புரட்டினோம் என்பதே அவளுக்கு மறந்துபோனது.

பாதிக்கு மேல் தேறிவிட்டது. "கெடுத்தவன் நாந்தானே," என்று சொல்லி, வாரச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் வேனை நிறுத்திச் சோடையைப் பொறுக்கித் தந்துவிட்டுப் போனான்.

சண்முகவள்ளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போன ஐப்பசியில் தாம்பூலம் மாற்றிய மாப்பிள்ளை வீட்டார், சொல்லாமல் கொள்ளாமல் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள். பத்து நாள் படுத்தே கிடந்தாள். பதினோராம் நாள் எழுந்து செடிக்குத் தண்ணீர் பாய்ச்சினாள். மறுநாள் களை வெட்டினாள். அழுகை வந்தால் அழுதுகொண்டே வெட்டினாள். அப்படித்தான் மீண்டாள். இனி எவனுக்காகவும் காத்திருப்பதில்லை என்று முடிவும் கட்டியிருந்தாள். இப்போது பாழாய்ப்போன மனசு வேன் சத்தத்துக்குக் காத்துக் கிடக்கிறதே...

ஒரு நாள் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "கல்யாணம் நின்னத ஊர்ல சொன்னாக. பாவம்ங்க நீங்க."

சுருக்கென்றது அவளுக்கு. "பாவம் பாத்து வர்றதா இருந்தா இந்தப் பக்கமே வராதீக."

அவன் வரவில்லை. மூன்று சந்தை போனது. வீம்பாக இருந்து பார்த்தாள். நாலாவது வாரம் முடியவில்லை, பஸ் ஏறிவிட்டாள். பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் கடல்... முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடலுக்குப் பயந்தா, அவனை நினைத்தா?

அக்காள்மடத்தில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தவன், அவளைப் பார்த்ததும் வாளியைக் கீழே போட்டான்.

"நீங்க... இங்கன எப்படி?"

"என்னயப் பேச விடுங்க. நீங்க இல்லைன்னு சொன்னா என்ன செய்வேன்னு வழியெல்லாம் யோசிச்சேன். அழுவேன். பெறகு காலைல எந்திரிச்சுத் தண்ணி பாய்ச்சப் போவேன். செத்துற மாட்டேன்... அது எனக்குத் தெரியும். அந்தத் தெம்புலதான் கேக்குறேன். எனக்கு ஒங்களப் புடிச்சிருக்கு. ஒங்களுக்கு?"

அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

"மூணு வாரமா கமுதி ரோட்டுப் பக்கமே போகல. போனா வேன நிப்பாட்டிருவேன்னு பயம். பாவம் பாத்து வரலங்க... பாக்காம இருக்க முடியாமத்தான் வந்தேன்."

அவள் குனிந்து, கீழே கிடந்த வாளியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஒங்க அய்யா சம்மதிக்கணும். எங்க வீட்லயும் சம்மதிக்கணும். ரெண்டு வீட்டுக்கும் வேற வேற சாமி," என்றான். "நாளாகும் வள்ளி."

கடல் காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"காத்திருக்கேன்," என்றாள்.