பதினோரு வருஷ ஒப்பந்தக்காரி

இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதமாகியும் மா யங்ரானைப் பார்க்க அலுவலகத்திலிருந்து ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை. கடிதம் மட்டும் வந்தது. கொரியாவின் தேகு நகரத்துப் பதிப்பகம் ஒன்றில் பதினோரு வருஷம் பிழை திருத்தியவள், அச்சுத்தாள் கட்டோடு அந்த அலுவலகப் படிக்கட்டில்தான் உருண்டாள். ‘நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல, சேவை ஒப்பந்தக்காரர். ஆகவே இது வேலை விபத்து ஆகாது’ என்றது கடிதம். ஊன்றுகோலோடு தொழிலாளர் சட்ட ஆலோசகர் பியோ ஜின்சாங்கின் அறைக்கு வந்து சேர்ந்தாள்.

பியோ ஒப்பந்தத்தை நிதானமாகப் படித்தார். “‘விரும்பிய நேரத்தில் வேலை செய்யலாம். தனக்குப் பதிலாக வேறு ஆளையும் அனுப்பலாம்.’ கையெழுத்து உங்களோடதுதானே?”

“போடச் சொன்னாங்க, போட்டேன்.”

“அடக் கடவுளே! இப்படியா படிக்காமப் போடுவாங்க? ஊர்ப் பிழையெல்லாம் திருத்துறீங்களே அக்கா!” உதவியாளர் தாக் மிசுக் தலையில் அடித்துக்கொண்டாள்.

“காகிதத்தை விடு, மிசுக். நேரம் குறிச்சு, அதட்டி வேலை வாங்கினாங்களா? வாங்கியிருந்தா சட்டப்படி இவங்க ஊழியர்தான். அதுக்குத் தடயம் வேணும்.”

மறுநாள் மூவரும் பதிப்பகத்துக்குப் போனார்கள். வாசல் அலமாரியில் ஊழியர்கள் அலுவலகத்துக்குள் போடும் செருப்புகள் பெயர் ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. குதிகால் தேய்ந்த ஒரு ஜோடியில் மட்டும் பெயர் கிழிக்கப்பட்டிருந்தது.

“இது அக்காவோடதுதான். மாட்டினாங்க சார்!” என்று மிசுக் கிசுகிசுத்தாள்.

“விருந்தாளிக்கு வச்சதுன்னு சொல்லிடுவாங்க. பொறு.”

முதலாளி குக் தோசிக் பார்லித் தேநீர் ஊற்றினார். “அந்தம்மா இஷ்டத்துக்கு வருவாங்க, போவாங்க. ஏன்னு ஒரு வார்த்தை நாங்க கேட்டதில்ல.”

“அப்ப ரொம்பப் பொறுப்பில்லாதவங்கதான் போல?” என்றார் பியோ.

யங்ரான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இவர் யார் பக்கம்?

“அதை ஏன் கேக்கறீங்க!” குக் எழுந்துபோய் ஒரு கோப்பினை எடுத்து வந்தார். “அம்மா செத்துட்டாங்கன்னு லீவு கேட்டாங்க. ஒருநாள் குடுத்தேன். மூணு நாள் கழிச்சு வந்து நிக்கறாங்க! சும்மா விடுவேனா? மன்னிப்புக் கடிதம் எழுத வச்சேன். இதோ பாருங்க, அவங்க பேர் முத்திரையோட.”

பியோ வாய்விட்டுப் படித்தார். “‘அனுமதியின்றி இரண்டு நாள் வராததற்கு மன்னிக்கவும். இனி ஒன்பது மணிக்கு இருக்கையில் இருப்பேன்.’ இஷ்டத்துக்கு வர்றவங்க எதுக்கு சார் மன்னிப்பு கேக்கணும்? பதில் ஆள் அனுப்பலாம்னா, அந்த ரெண்டு நாளும் அனுப்பச் சொல்லியிருக்கலாமே? லீவு குடுத்ததும் நீங்க, தண்டிச்சதும் நீங்க. இதைவிடப் பெரிய தடயம் எனக்கு வேண்டாம்.”

குக் கோப்புக்குக் கை நீட்டினார். அதற்குள் மிசுக் படம் எடுத்திருந்தாள்.

“ஜெயிச்சாச்சு அக்கா!” படி இறங்கும்போது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. “பதினோரு வருஷமும் நீங்க அவங்க ஆளுதான்!”

யங்ரான் கைப்பிடியைப் பற்றியபடி நின்றுவிட்டாள். இங்கே யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கறுப்புடையில் மொத்த அலுவலகமும் கிளம்பிப் போகும். அம்மாவின் சாவுச் சடங்குக் கூடத்தில் மூன்று நாளும், துக்கத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் சூப்பை அவர்களுக்காகச் சூடு பண்ணிப் பண்ணி வைத்தாள். அலுவலகத்திலிருந்து பேருந்தில் ஐந்து நிமிடத் தூரம்தான்.

“நான் ஒப்பந்தக்காரி, அதான் வரலன்னு மனசைத் தேத்திக்கிட்டேன் சார்” என்றாள். “அவங்க ஆளுதான்னா, ஏன் ஒருத்தர்கூட வரல?”

பியோ, அவள் இறங்குவதற்குக் கையை நீட்டினார்.