ஃபில்டர் சாம்பல்

முதலில் தப்பாகப் போனது, நாற்றம் நின்றதுதான்.

ஜெபசீலனால் அதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. வருஷக்கணக்காக அவனோடு எழுந்து, அவனோடு சாப்பிட்டு, அவனோடு படுத்த நாற்றம் அது. ஆம்பூர் டேனரிகளின் தொட்டிகளில் அடியில் தங்கும் கசடை உறிஞ்சிக் கொண்டுபோய் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டுகிற டாங்கர் லாரிக்கு அவன் டிரைவர். சுண்ணாம்பில் ஊறிக் கழன்ற மயிர், தோலின் உட்பக்கத்திலிருந்து வழித்தெடுத்த சவ்வு, அழுகின கொழுப்பு எல்லாம் சேர்ந்து, பச்சையாகவும் இல்லாமல் சாம்பலாகவும் இல்லாமல் ஒரு நிறத்தில் கொழகொழத்துக் கிடக்கும். குழாயை இறக்கி பம்பைப் போட்டால், தொண்டைச் சளியைக் காறி இழுக்கிற சத்தத்தோடு அது டாங்கிக்குள் ஏறும். லாரி பாலாற்றுப் பாலத்தில் ஏறினால் மறுகரைக் கொடியில் காய்கிற துணி தானாக மடங்கிக்கொள்ளும் என்று ஊரில் சொல்வார்கள். டாங்கி மேல் உட்கார்ந்த ஒரு காக்காய் கா என்று வாயைத் திறந்தது, மூடவே இல்லை, அப்படியே தொப்பென்று விழுந்தது. ஈக்கள்கூட முறை வைத்துத்தான் வந்தன.

வண்டி வெளிநாட்டில் ஓடிக் கழிந்து, 2008இல் இங்கே வந்து இறங்கியது. அதன் சைலன்சரில் எண்ணெய் டின் அளவுக்கு ஒரு ஃபில்டர் இருந்தது. புகையிலுள்ள கரியையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்துவிட்டால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும், கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும்: ஃபில்டர் நிறைந்தது, சுத்தம் செய்யவும். பட்டனை அமுக்கினால், நிற்கிற வண்டி தானாக உறுமி, பிடித்த கரியை உள்ளேயே எரித்துச் சாம்பலாக்கும். அப்போது இன்னொரு எழுத்து வரும்: சுத்தம் நடக்கிறது, நிறுத்த வேண்டாம்.

"பாதியில அணைச்சா பேஜாரா பூடும்பா," என்று மெக்கானிக் மூர்த்தி சொல்லிக் கொடுத்திருந்தான். "ஆரம்பிச்சா அது முடிக்கிற வரைக்கும் உட்ரணும். நடுவுல நிறுத்தவே கூடாது."

காலனிக்காரர்கள் நாற்றம் தாங்காமல் கலெக்டர் வரைக்கும் போனபோது ஒரு வழி கண்டுபிடித்தவனும் மூர்த்திதான். டாங்கியின் வாயு வெளியேறும் குழாயை வளைத்து, சைலன்சரில் ஃபில்டருக்கு முன்னால் சொருகி வெல்டிங் வைத்துவிட்டான். கரியோடு சேர்ந்து நாற்றமும் எரியட்டும் என்பது அவன் கணக்கு. ஃபில்டரைக் கழற்றாமலே சாம்பலைத் தட்டிக் கொட்ட, பக்கத்தில் கையால் திருகுகிற ஒரு மூடியும் வைத்தான்.

நாற்றம் நின்றது. ஜெபசீலனுக்கு அது வீட்டுக்குத்தான் வேண்டியிருந்தது. அவன் மனைவி ஃபீபி ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்பவள், சலவைத் துணி மணக்கிறவள். மாசமானதிலிருந்து அவன் வாசலில் செருப்பைக் கழற்றினாலே குடம் குடமாக வாந்தி எடுத்தாள். கஞ்சி நிற்கவில்லை, தண்ணீர் நிற்கவில்லை. முந்தின கரு இப்படித்தான் கரைந்து போயிருந்தது. இவள் சாப்பிடாவிட்டால் இதுவும் தங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

குழாய் மாற்றிய பிறகு முதல் தடவை விளக்கு எரிந்தது ஒரு சாயங்காலம், வீட்டுக்குப் பின்னால் புறம்போக்கில் அவன் வண்டியை நிறுத்தியபோது. பட்டனை அமுக்கிவிட்டு இறங்கி நின்றான். இன்ஜின் உறுமியது. சைலன்சரின் வாய் கானலாக நெளிந்தது.

பிறகு வாசனை வந்தது.

நெய். புதினா. தம்மில் மெதுவாக வெந்து எலும்பை விட்டுக் கழன்ற ஆட்டுக்கறி, அண்டாவின் அடியில் லேசாகத் தீய்ந்த அரிசி. ஆம்பூர்க்காரன் மூக்கு இதில் ஏமாறாது. புத்திக்கு எட்டுவதற்கு முன்பே அவன் வாயில் எச்சில் ஊறி, கடைவாயில் வழிந்தது. அப்புறம்தான் புத்தி, அன்று காலை உறிஞ்சிய தொட்டியைக் காட்டியது. மேலே மிதந்த மயிர்க்கற்றைகள். அதில் நெளிந்த வெள்ளைப் புழு, ஒவ்வொன்றும் சேமியா தடிமன். குனிந்து துப்பினான். துப்பத் துப்ப எச்சில் இன்னும் ஊறியது.

"இன்னாங்க," என்றாள் ஃபீபி பின்னாலிருந்து. கையில் தட்டு. "எனக்குப் பசிக்குது."

வெறும் சோற்றைப் போட்டுக்கொண்டு, சைலன்சருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்று ஆள் சோற்றை வழித்துத் தின்றாள். ஒரு பருக்கை திரும்பி வரவில்லை. ஜெபசீலன் லாரியின் டயரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அதன் பிறகு அவன் மோசமான தொட்டிகளாகத் தேடிப் போனான். மற்ற டிரைவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுக்கியவை, சவ்வு மட்டுமே கிடந்து அழுகிக் குமிழி விடுபவை. கசடு கெட்டியானால் விளக்கு சீக்கிரம் எரிந்தது, விளக்கு எரிந்தால் ஃபீபி சாப்பிட்டாள். தெருநாய்கள் வந்து லாரியைச் சுற்றி உட்காரத் தொடங்கின. குரைக்கவில்லை. நாக்கைத் தொங்கப்போட்டு, பந்திக்கு வந்தவை போல வரிசையாக.

பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். "தெனம் பிரியாணியா தம்பி? சம்பளம் ஜாஸ்தி ஆயிட்ச்சா? ஒரு பிளேட்டு இந்தப் பக்கம் நீட்டுனா இன்னா கொறஞ்சா பூடும்?"

ஜெபசீலன் சிரித்து மழுப்பினான். நிஜப் பிரியாணியை அவனால் இப்போது வாயில் வைக்க முடியவில்லை. கறித் துண்டைக் கடித்தால் சுண்ணாம்பு கரித்தது, நாக்கில் மயிர் சுற்றிக்கொண்டது போல இருந்தது. விரலை விட்டுத் துழாவினால் ஒன்றும் இல்லை.

ஃபீபியின் எடை ஏறியது. குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா முதுகில் தட்டினார். அவள் நாக்கு கறுத்திருந்தது. இரும்புச்சத்து மாத்திரை என்றாள். பல்லிடுக்கும் கறுத்திருந்தது. அதுவும் மாத்திரை என்றாள்.

ஒருநாள் சாம்பல் தட்டுவதற்காக ஃபில்டரின் மூடியைத் திருகினான். மூடி ஏற்கெனவே தளர்ந்திருந்தது. நுனி வரை நிறைந்திருக்க வேண்டிய சாம்பல் பாதிதான் இருந்தது. சாம்பல் என்று சொல்ல முடியாது. ஈரமாக, இளஞ்சிவப்பாக, பிசைந்த ஈரலைப் போல இருந்தது. அதில் பள்ளம் பள்ளமாகத் தோண்டியிருந்தது.

பெருச்சாளி, என்று சொல்லிக்கொண்டான்.

தடங்கள் நான்கு நான்காக இருந்தன. மூன்றாவது தடத்தில் குறுக்கே மெல்லிய வளையக் கோடு. பெருச்சாளி மோதிரம் போடாது.

மாசமான பெண்கள் சிலேட்டுக்குச்சி கடிப்பார்கள், அடுப்புச் சாம்பலை ஒளித்து வைத்துத் தின்பார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதையேதான் அவன் வழியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டு வண்டியை மூர்த்தியிடம் ஓட்டினான். கேட்டுவிட்டால் அவள் நிறுத்திவிடுவாள், நிறுத்தினால் குழந்தை போய்விடும் என்று ஒரு பயம். அவள் நிறுத்தமாட்டாள் என்று அதைவிடப் பெரிய பயம்.

மூர்த்தி ஃபில்டரைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தான். "இன்னாப்பா இது, நக்கி வெச்ச மாதிரி இருக்குது?"

அதைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்துவிட்டு, வண்டிக்கு வெறும் குழாயை மாட்டினான். கையைத் துடைத்தான். விரலை மூக்கருகில் கொண்டுபோனான். திரும்ப எடுக்க ரொம்ப நேரமாயிற்று.

ஜெபசீலன் லாரியை ஷெட்டிலேயே விட்டுவிட்டு நடந்தான். சட்டையில் பழைய நாற்றம் திரும்பியிருந்தது. தாய்வீட்டுக்கு வந்ததைப் போல அதை இழுத்து இழுத்து மோந்தான். ஃபீபியை இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம், குளுக்கோஸ் ஏற்றுவார்கள், குழந்தை பிழைத்துக்கொள்ளும். தெருமுனையைத் திரும்பும்போது சாயங்கால மின்வெட்டு விழுந்தது. வீடுகள் ஒவ்வொன்றாக இருண்டன.

அப்போது நெய் மணத்தது.

நின்றான். லாரி இங்கே இல்லை. ஃபில்டர் இங்கே இல்லை.

வீட்டைச் சுற்றி நாய்கள் உட்கார்ந்திருந்தன. முனவ்வர் பேகம் வாசலில் நின்றிருந்தார், அவர் பின்னால் தெருவே நின்றிருந்தது. எல்லோர் கையிலும் தட்டு.

அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். தரை அதிர்ந்தது. மெல்லிய உறுமல், நிற்கிற வண்டி தானாக வேகமெடுப்பதைப் போல.

"ஃபீபி?"

பாயில் மல்லாந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. உதடுகளுக்கு மேலே காற்று கானலாக நெளிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கறுப்பாக ஒரு சுருள் புகை. புதினா. கறி. அடிப்பிடித்த அரிசி.

இருட்டில் ஒரு வெளிச்சம்.

மஞ்சள்.

அவள் வயிற்றிலிருந்து வந்தது. புடவைக்கு உள்ளே, தோலுக்கும் உள்ளே. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

தண்ணீர்க் குடத்தைத் தூக்கினான். அவள் கை எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. தோசைக்கல் சூடு. பிடித்த இடத்தில் தோல் சுருங்கி, மயிர் பொசுங்கியது.

"நடுவுல நிறுத்தாதீங்க," என்றாள். அமைதியான குரல். கறுத்த பற்கள்.

குடத்தைக் கீழே வைத்தான்.

வெளிச்சம் மீண்டும் எரிந்தது. இந்த முறை அணையவில்லை. வயிற்றுத் தோல் சுண்ணாம்பில் ஊறிய தோலைப் போல மெலிந்து, கண்ணாடியாகத் தெளிந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை அதில் பதிந்தது. நான்கு விரல்கள். மெதுவாகச் சுரண்டத் தொடங்கின.

வெளியே யாரோ தட்டைத் தரையில் வைத்தார்கள். இன்னொருவர் வைத்தார்.

ஜெபசீலன் மண்டியிட்டுக் குனிந்தான். அவன் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி, சூடான அந்தத் தோலில் விழுந்து, சுர்ரென்றது.