வாகைக் கட்டில்

இராஜபாளையம் சாலையோரத்து மரக்கடைக்குள் சிவபாண்டி தன் ஆறு வயது மகள் தர்ஷிகாவுடன் நுழைந்தபோது, அறுவை இயந்திரம் ஓய்ந்திருந்தது. மின்சாரம் தடைப்பட்ட அந்த நண்பகலில், தகரக் கூரையின் கீழ் வெக்கையும் மரத்தூள் மணமுமே நிறைந்திருந்தன.

அவனுடைய இரண்டாம் மனைவி சத்யப்பிரியா நிறைமாதக் கர்ப்பிணி. தன் பிள்ளை பிறப்பதற்குள் மூத்தாள் மகளைத் தனி அறைக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அவள் கட்டளை. தனியே படுக்க மறுத்து அழுத சிறுமியை, பிடித்த கட்டிலை நீயே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆசை காட்டித்தான் சிவபாண்டி அழைத்து வந்திருந்தான்.

தச்சர் பொன்னுராஜ் தேக்கைக் காட்டினார், வேம்பைக் காட்டினார். சிறுமி எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மூலையில் சாய்ந்திருந்த ஒரு வாகைப் பலகையைக் கட்டிக்கொண்டு, அதில் கன்னத்தைப் பதித்தாள். பலகையின் நடுவே மை கொட்டியதுபோல் ஒரு கறை படர்ந்திருந்தது.

"இதுதான்ப்பா வேணும். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசம் வருது."

"வாகையில ஏது பாப்பா எண்ணெய் வாசம்?" என்று சிரித்த பொன்னுராஜ், கறையைத் தடவியதும் சிரிப்பை நிறுத்தினார். "உள்ள இரும்பு கெடக்கு அண்ணாச்சி. அதான் கறுத்திருக்கு. வன்னியம்பட்டி விலக்குல ரோட்ட அகலப்படுத்துறப்ப வெட்டுன மரம்."

அவர் உளியால் செதுக்கி, குறட்டால் பற்றி இழுத்தார். நீண்ட ஆணி ஒன்று முனகிக்கொண்டே வெளிவந்தது. அதன் தலை ஒருபக்கமாக வளைந்திருந்தது. தண்டில் கரிய கூந்தல் இழைகள் சுற்றியிருந்தன.

சிவபாண்டி அதை அடையாளம் கண்டுகொண்டான்.

அந்த ஆணியை அடித்தவன் அவனே. சத்யப்பிரியாவுடன் அவனுக்கிருந்த உறவைத் தெருவில் நின்று தட்டிக்கேட்டுவிட்ட முதல் மனைவி முனீஸ்வரிக்குப் பேய் பிடித்திருப்பதாக ஊரை நம்பவைத்தான். பேயோட்டும் கோடாங்கியை வரவழைத்து, அவளை வன்னியம்பட்டி விலக்கில் நின்ற அந்த வாகையோடு சேர்த்து நிறுத்தி, கூந்தலை மரத்தில் வைத்து அறைந்தான். முதல் அடி கோணலாக விழுந்ததில் ஆணியின் தலை வளைந்தது. "எம்பிள்ளைட்ட இருந்து என்னையப் பிரிச்சிராதீக" என்பதைத் தவிர அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அவன் கத்தரியால் கூந்தலை அறுத்து, அவளை மட்டும் பிறந்த வீட்டுக்குத் துரத்தினான். பால்குடி மறவாத மகளை நிறுத்திக்கொண்டான். அந்த வாரமே முனீஸ்வரி கிணற்றில் மிதந்தாள்.

பொன்னுராஜ் குரலைத் தாழ்த்தினார். "முடிய வச்சு அடிச்ச ஆணி அண்ணாச்சி. யாரையோ கட்டிப்போட்ட மரம். பச்சப்புள்ள படுக்கிறதுக்கு இது ஆகாது."

சிறுமி பலகையை விடவில்லை. "இந்தக் கட்டில்னா தனியாப் படுத்துக்கிறேன்ப்பா."

அவனுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

"எவனாவது விளம்பரத் தட்டி அடிச்சிருப்பான். தலைமாட்டுக்கு இதையே போடுங்க" என்ற சிவபாண்டி, ஆணியை மரத்தூள் குவியலுக்குள் வீசினான்.

கட்டில் வந்த முதல் நாளே தர்ஷிகா தானாகச் சென்று படுத்தாள். மறுநாள் காலை, வகிடு பிசகாமல் பின்னிய சடையுடன் கூடத்துக்கு வந்தாள்.

"ராத்திரி பூரா ஒரு சத்தமும் காணோம். இதுக்கா இம்புட்டு நாளும் ஆட்டம் போட்ட?" என்று நையாண்டி செய்த சத்யப்பிரியா, சடையைக் கண்டு புருவம் சுருக்கினாள். "ஏட்டி, யாரு பின்னிவிட்டா?"

"அம்மா."

"நான் பின்னலையே."

"நீங்க சித்தி."

சிவபாண்டி குனிந்த தலை நிமிராமல் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அன்றே கட்டிலை வெளியேற்றியிருக்க முடியும். பிரசவம் முடியட்டும், பொறவு பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மூன்றாம் நாள், வெயில் ஏறிய பின்னும் அறைக்கதவு திறக்கவில்லை. கதவிடுக்கின் வழியே செம்பருத்தி எண்ணெயின் மணம் கசிந்து கூடமெங்கும் பரவியது. முனீஸ்வரி தானே காய்ச்சித் தேய்க்கும் எண்ணெய்.

அவன் கதவைத் தள்ளினான்.

தர்ஷிகா மல்லாந்து கிடந்தாள். அவள் சடை தலைமாட்டுப் பலகையோடு சேர்த்து அறையப்பட்டிருந்தது.

வளைந்த தலையுடைய ஆணி.

நகம் பிய்ய இழுத்தும் அது அசையவில்லை. ஓடிச்சென்று கத்தரியை எடுத்துவந்து, அன்று செய்ததைப் போலவே கூந்தலை அறுத்தான். மகளை வாரித் தூக்கினான். கழுத்து துவண்டு அவன் முழங்கையில் தொங்கியது. மார்பில் காதை வைத்தான்.

ஒன்றும் கேட்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் பலகை மெல்ல முனகியது. அவன் திரும்பினான். ஆணியில் எஞ்சித் தொங்கிய முடி மூன்று புரிகளாகப் பிரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக, அவசரமின்றி, தானே பின்னிக்கொள்ளத் தொடங்கியது.

மரத்துக்குள்ளிருந்து மகளின் குரல் கேட்டது.

"இன்னும் இறுக்கிப் பின்னும்மா. அப்பா மறுபடியும் அறுத்துருவாரு."