முதல் பந்தி, ஒன்பது நிமிடம்

காலை ஆறே முக்காலுக்கு மகிழன் நெற்றியில் நாணுலைப் பட்டையை இறுக்கிக்கொண்டு, வழக்கம்போலத் தன் மாமாவைப் பந்தியிலிருந்து எழுப்பினான்.

மனதுக்குள்தான். சம்பவம் நடந்து ஏழு வருடமாகிறது. மகிழனின் புதுவீட்டு விருந்து. முதல் பந்தி நிரம்பி வழிகிறது. அக்கா யாழினியின் கணவர் தர்னீஷ் மாமா, பருப்பும் நெய்யும் விட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து மகிழனின் கம்பெனி இயக்குநர் வந்து நிற்கிறார். இடமில்லை. மகிழன் மாமாவின் தோளைத் தட்டி, "மாமா, நீங்க அடுத்த பந்தியில உக்காந்துக்கலாமுங்க. கொஞ்சம் எந்திரிங்க" என்கிறான். பிசைந்த கையைத் தூக்கிப் பிடித்தபடி மாமா எழுந்திருக்கிறார். பரிமாறுகிறவர் சோற்றோடு இலையைச் சுருட்டி எடுக்கிறார். புது இலையின் முன் அமர்ந்த இயக்குநர், டயட்டில் இருப்பதாகச் சொல்லி ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போகிறார். மாமா அடுத்த பந்திக்கு நிற்கவில்லை. அக்காவும் நிற்கவில்லை.

ஒன்பது நிமிடம் முடிந்து பட்டை 'கிணிங்' என்றது. முப்பத்தைந்து கிராம். போன வருடம் இதே பந்தி நூற்றைம்பது கிராம் கொடுத்தது. தராசில் ஏறினான். எழுபத்தைந்தரைக் கிலோவுக்குச் சற்றே கீழே. வெள்ளிக்கிழமை காலை எழுபத்து நான்கரைக்குள் இருந்தால்தான் கம்பெனியில் தலைமை நலவாழ்வு அதிகாரி பதவி. இன்று புதன்.

வெட்கப்பட்டால் முகம் சூடாவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தச் சூட்டுக்கு உடம்பு தன் கொழுப்பைத்தான் எரிக்கிறது என்று கண்டுபிடித்து, அதை நானூறு மடங்காக்க நாணுலை என்று ஒரு பட்டையும் செய்தார்கள். நடக்க நேரமில்லை, சமைக்க நேரமில்லை, மென்று விழுங்கக்கூட நேரமில்லை என்று புலம்பிக்கொண்டிருந்த ஜனங்களுக்கு வெட்கப்பட மட்டும் ஒன்பது நிமிடம் கிடைத்துவிட்டது. அலுவலகங்களில் லிஃப்டுக்குப் பக்கத்தில் கூச்ச அறைகள் முளைத்தன. பெரிய மனிதர்கள் உள்ளே போய், தாங்கள் செய்ததை எல்லாம் நினைத்துப் பார்த்து, இடுப்பு பெல்ட்டில் ஒரு துளை குறைந்து வெளியே வந்தார்கள்.

இதில் ஒரு சங்கடம். ஒல்லியான ஆளைக் கண்டால் ஊர், 'இவன் என்ன பண்ணியிருப்பான்?' என்று பார்க்க ஆரம்பித்தது. பெண் கொடுப்பவர்கள் தொப்பையுள்ள மாப்பிள்ளையாகத் தேடினார்கள். பதவி கொடுப்பவர்கள் மட்டும் பழையபடி ஒல்லியானவர்களையே தேடினார்கள். மகிழனின் மனைவி நறுமுகை எண்பத்து நாலு கிலோ. அவளும் ஒரு நாள் பட்டையைக் கட்டிப் பார்த்தாள். எட்டாம் வகுப்பில் தோழியின் ரப்பரைத் திருப்பித் தராதது ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு கிராம்.

எப்படி இளைத்தாய் என்று கேட்டால் மகிழன் வெளியில் கம்பங்கூழ் என்றுதான் சொல்வான். 'உடல் என்பது ஒரு நிறுவனம்' என்ற தலைப்பில் வாராவாரம் ஊழியர்களுக்கு மடல் எழுதுவான். ஒழுக்கம் என்ற சொல் ஒவ்வொரு மடலிலும் ஏழெட்டு முறை வரும். பந்தி என்ற சொல் வராது.

அன்று காலை கம்பெனியின் நாண ஆலோசகர் சஷ்விகா அவன் வரைபடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"தேஞ்சுபோன சரக்கு சார் இது. எரிஞ்ச வெக்கம் திரும்ப வராது. ஒரே பந்தியை வச்சு இத்தனை வருஷம் ஓட்டினதே பெரிய விஷயம்."

"வேற வழி?"

"புதுசா ஏதாவது பண்ணணும்."

"நான் அந்த மாதிரி ஆள் இல்லம்மா."

சஷ்விகா அவனை ஒரு முறை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். இருபத்தெட்டு கிலோ குறைந்த ஆள்.

"இன்னொண்ணு சார். அவங்க மன்னிச்சிடாம பாத்துக்கங்க. மன்னிச்சுட்டா இருக்கறதும் போச்சு. பயிற்சிப் பிரிவு மிதுன் சாரை அவங்கம்மா ஆஸ்பத்திரியில கையைப் புடிச்சு, 'போகட்டும் விடுடா'ன்னு சொல்லிட்டாங்க. ஒரே மாசத்துல ஒன்பது கிலோ ஏறிட்டாரு. சட்டை ஒண்ணுகூட சேரல, பாவம்."

இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்ததும் போன் அடித்தது.

"மாப்ள, நாந்தான். நாளைக்கு மத்தியானம் வர்றேன். நேர்ல ஒரு விசயம் பேசோணும்."

ஏழு வருடம் கழித்துத் தர்னீஷ் மாமா. மன்னிக்க வருகிறார்! அதுவும் வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள்!

"நாளைக்கு எனக்கு மீட்டிங் இருக்குதுங்க மாமா…"

"நறுமுகைகிட்டச் சொல்லிட்டேன். நீ வூட்ல இருந்துதான் வேலை பாக்கறயாம். சோறாக்கி வெக்கறேன்னுச்சு."

மறுநாள் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு தாம்பூலப் பையோடு யாரோ நின்றிருந்தார். கழுத்து நரம்பு தெரிந்தது. சட்டை கொடிக்கம்பியில் தொங்குவதுபோலத் தொங்கியது.

"யாருங்க வேணும்?"

"ஏம் மாப்ள, ஆளே தெரியலயா?"

பேருந்தில் இரண்டு பேர் சீட்டை ஒருவராக நிரப்பிய மனிதர். சர்க்கரை வியாதியாக இருக்குமோ என்று மகிழன் நினைத்தான். 'பாவம்' என்று தோன்றும் முன்பே, 'அனுதாபத்துக்குக் கிராம் கிடையாதே' என்றும் தோன்றிவிட்டது.

உட்கார்ந்ததும் மாமா ஆரம்பித்தார். "மாப்ள, அன்னிக்கு அந்தப் பந்தியில…"

"மொதல்ல தண்ணி குடிங்க மாமா."

குடித்தார். "அந்த விசயத்தப் பத்தித்தான்…"

மகிழன் டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினான். அணை நிலவரம் வீடு முழுக்க முழங்கியது. நறுமுகை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, அதை அணைத்துவிட்டு, "அண்ணா, சாப்பிட வாங்க. நீங்களும்தான்" என்று இருவருக்கும் இலை போட்டாள்.

பருப்பு விழுந்தது. நெய் விழுந்தது. மாமா பிசைந்தபடியே நிமிர்ந்து, "மாப்ள, அத நான் எப்பவோ…" என்று வாயெடுத்தார்.

மன்னிப்பு உதட்டுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை விழுந்தால் முடிந்தது கதை. மகிழன் எழுந்தான். 'புதுசா ஏதாவது பண்ணணும்' என்ற குரல் காதில் கேட்டது. கை தானாகப் போய் மாமாவின் தோளில் விழுந்தது. தோள் வெறும் எலும்பாக இருந்தது.

"மாமா, கொஞ்சம் எந்திரிங்க."

நறுமுகை கரண்டியோடு அப்படியே நின்றாள். குழம்பு சொட்டியது.

தர்னீஷ் மாமாவின் முகம் மலர்ந்தது.

"அட! இதத்தான் மாப்ள கேக்கலாம்னு வந்தேன்! ஆனா இங்க வேண்டாம். மூணு பேருக்கு முன்னால சொன்னா வீணாப் போயிரும். உக்காரு, சொல்றேன்."

மகிழன் உட்கார்ந்தான்.

"எழுப்புனவனுக்கு மட்டுந்தான் வெக்கமா? எந்திரிச்சவனுக்கு இல்லயா? எச்சக் கையத் தூக்கிட்டு முந்நூறு பேரு முன்னால நின்னனே, அதுலயே நாப்பத்தி ரெண்டு கிலோ எறங்கிட்டேன். முட்டிய மாத்தோணும்னு சொன்ன டாக்டரு, இப்ப மாடிப்படி ஏறறேனான்னு வந்து பாக்கறாரு. எல்லாம் உன்ற புண்ணியம்."

"அப்ப… வருத்தம்?"

"வருத்தமெல்லாம் எப்பவோ போச்சு. அத உங்கிட்டச் சொல்லீட்டாச் சமாதானம் ஆயிரும், அப்பறம் எங்க எரியறது? அதுக்குத்தான் உன்ற வூட்டுப் பக்கமே வரல. யாழினிதான் ஒவ்வொரு தீவாளிக்கும் அழுவா, தம்பியப் பாத்துட்டு வரலாம்னு. நாந்தான் விடல." மாமா இடது கையால் பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்து இலை ஓரமாக வைத்தார். "இப்ப எனக்குச் சுத்தமாத் தீந்துபோச்சு. ஆவணி இருவது பொண்ணுக்குக் கல்யாணம். மொதப் பந்தியில சம்பந்திக்குப் பக்கத்துல உக்காந்திருப்பேன். நீ வந்து தோளத் தட்டி எழுப்பி உடோணும். பொண்ணப் பெத்தவன, பொண்ணு கல்யாணத்துல! அஞ்சு வருசத்துக்குத் தாங்கும் மாப்ள. நெய் ஊத்துனதுக்கு அப்பறமாச் சொல்லு, மறந்துராத."

மகிழனுக்குக் காது மடல் கொதித்தது. ஒரே இலை. அதன் ஒரு பக்கம் அவனும் மறு பக்கம் மாமாவும் உட்கார்ந்து ஏழு வருடமாகத் தின்றிருக்கிறார்கள். அக்காவின் ஏழு தீபாவளியையும் சேர்த்தே தின்றிருக்கிறார்கள். இவன் ஒரு போன்கூடப் பண்ணாமல் இருந்ததற்கும் அவர் வராமல் இருந்ததற்கும் காரணம் ஒன்றுதான். இப்போதுகூடத் தோளைத் தொட்ட இந்தக் கை எதற்காகப் போனது? நறுமுகையைப் பார்க்க முடியவில்லை. இலையைப் பார்க்க முடியவில்லை. ஒரு சொல் வயிற்றிலிருந்து எழும்பித் தொண்டையில் வந்து முட்டியது. 'மன்னிச்சிடுங்க மாமா.' வாயைத் திறந்தான்.

"ஏ அம்மிணி, பட்டை எங்க? மூஞ்சி எப்படிச் செவந்துருக்குது பாரு! வீணாப் போகுது!" என்று மாமா கத்தினார்.

நறுமுகை நகரவில்லை. மாமாவே இலையை விட்டு எழுந்தார். பருப்புச் சோறு ஒட்டிய வலது கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் அலமாரியில் இருந்த பட்டையை எடுத்து, மகிழனின் தலையில் மாட்டி, பொத்தானையும் அழுத்தினார்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லணும்…"

"பேசாத. பேசினா ஆறிப் போயிரும். அசையாம உக்காரு." எச்சில் கையோடு நின்றபடியே பக்கத்தில் காவல் இருந்தார்.

பட்டை எரித்தது. முதலில் போனது அக்காவின் அழுகை. இரண்டாவது நிமிடத்தில் அது யாரோ ஒரு பெண்ணின் அழுகையாகி, மூன்றாவதில் செய்தியாகிவிட்டது. பிறகு தோளின் எலும்பு உள்ளங்கையிலிருந்து மறைந்தது. ஏழாவது நிமிடத்தில் தொண்டையில் நின்ற சொல் மட்டும் மிச்சம். மென்று மென்று சக்கையான பாக்குபோல அது வாயில் கிடந்தது. விழுங்கிவிட்டான்.

கிணிங்.

"ஆயிரத்து இருநூத்தி அறுவது!" மாமா துள்ளினார். "அடேங்கப்பா! என்றதுகூட ஒரு நாளும் இப்படிப் போனதில்ல! அம்மிணி சொன்னாப்பல நாளைக்கு நீதான் மாப்ள அதிகாரி!"

மகிழன் பட்டையைக் கழற்றினான். உடம்பு லேசாக இருந்தது. மாமாவிடம் எதையோ சொல்ல வாயெடுத்தது நினைவிருந்தது. என்னவென்று யோசித்துப் பார்த்தான். இதுவாகத்தான் இருக்கும்.

"முகூர்த்தம் எத்தனை மணிக்குங்க மாமா?"

"ஆறு டு ஏழரை. மொதப் பந்தி எட்டுக்கு."

போனில் குறித்துக்கொண்டான். ஆவணி இருபது, காலை எட்டு, மாமாவை எழுப்புதல். ஒரு கணம் யோசித்து, 'நெய்க்குப் பிறகு' என்று சேர்த்தான்.

நறுமுகை குனிந்து இரண்டு இலைகளையும் சோற்றோடு சுருட்டி எடுத்தாள். அவள் முகம் நெற்றிவரை சிவந்திருந்தது. ஆண்கள் இருவரும் தராசைத் தேடிப் போயிருந்ததால், அதை வீணாகாமல் பார்த்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை.