அடியில் போட்ட எண்கள்

எண்பத்தைந்தாம் வருஷத்து ஐப்பசி, ஒரு சனிக்கிழமை... மழை என்றால் அப்படியொரு மழை! விழுப்புரம் பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவன் திண்டிவனம் மாதா கோயிலுக்குள் ஓடி வந்து நின்றான். பாட்டுக்குழுப் பெண்களுக்குக் கால் ஆர்மோனியத்தை மிதித்து வாசித்துக்கொண்டிருந்த இருதயமேரி நிமிர்ந்து பார்த்தாள். மழைக்கோட்டை வயலின் பெட்டிக்குப் போர்த்திவிட்டு, ஆள் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறான்! அந்தக் கண்கள் வேறு... சே, கோயிலில் உட்கார்ந்துகொண்டு என்ன நினைப்பு!

"பேரு சவுரிராயன்ங்க. விழுப்புரம் ஸ்டேஷன்ல டிக்கெட் குடுக்கறேன்." தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினான். "தப்பா நெனைக்காதீங்க... இது முந்நூறு வருஷத்துக்கு மின்னாடி இத்தாலிக்காரர் ஒருத்தர் எழுதின சொனாட்டா. வயலினோட கூட இன்னொருத்தர் வாசிக்கணும். எட்டு வருஷமா என் பாதிய மட்டும் வாசிச்சுக்கினு கெடக்கறேன். முழுசா கேட்டதே இல்ல. ஒரே ஒரு வாட்டி வாசிக்கிறீங்களா?"

கைப்பட எழுதிய தாள். வயலின் வரிக்குக் கீழே இடது கைக்கு ஒரே வரி. அதற்கும் அடியில் எண்கள். எந்த விரலால் அழுத்துவது என்று எண் போடுவது அவளுக்குத் தெரியாதா என்ன? கன்னியாஸ்திரியிடம் அப்படித்தானே கற்றாள்! ஜோராக ஆரம்பித்தவளின் கை இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டது.

"யாருங்க இத எழுதினது?"

"நான்தாங்க."

"ஆறுன்னு போட்டிருக்கீங்க, ஏழுன்னு போட்டிருக்கீங்க... மனுஷன் கைக்கு எத்தினி வெரலுன்னு தெரியாதா உங்களுக்கு?"

அவன் வெடித்துச் சிரித்துவிட்டான். "ஐயோ, அது வெரல் இல்லீங்க! அந்தச் சுரத்துலேர்ந்து மேல எண்ணிக்கினு போவணும். ஆறாவது சுரம், ஏழாவது சுரம்... வலது கைக்கு எதுவும் எழுத மாட்டாங்க. எண்ணப் பாத்து நீங்களாதான் சேத்து வாசிக்கணும்."

பாட்டுக்குழுவும் கொல்லென்று சிரித்தது. அவளுக்குக் காது வரை சிவந்துபோயிற்று.

"மழ விட்டுடுச்சு. கெளம்புங்க!"

எங்கே விட்டது? கொட்டிக்கொண்டுதான் இருந்தது. தாளைக்கூட எடுக்காமல் அவன் போய்விட்டான்.

கோபம் இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் தாளை எடுத்து எண்ணிப் பார்த்தாள்... நாலு, அஞ்சு, ஆறு. அழுத்தினாள். அடடா! இந்த ஒற்றை வரிக்குள் இவ்வளவு இனிப்பா? அப்புறம் தினமும் அதே வேலைதான். சனிக்கிழமை வந்தால் வாசலையே பார்த்தாள். அவன் வரவில்லை. மழையில் துரத்தினால் எவன் வருவான்... பாவி, நானே கெடுத்துக்கொண்டேனே!

மூன்றாம் சனிக்கிழமை, வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினாள். ஸ்டேஷனில் நீள வரிசை.

"எந்த ஊருங்க?" என்றான், நிமிராமல்.

"திண்டிவனம். ரெண்டு டிக்கெட்டு... ஒண்ணு உங்களுக்கு."

சட்டென்று நிமிர்ந்தான்.

"ஜல்தி ஆவட்டும்மா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

அவன் அவசரமாக ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினான். வலது கைக்கு வேண்டிய அத்தனை சுரங்களையும் அதில் முழுதாக எழுதியிருந்தான். "நான் சிரிச்சது தப்புங்க. இத முடிச்சுட்டுதான் உங்க மூஞ்சில முழிக்கணும்னு..."

"நோட்ட உள்ள வைங்க. நானே கத்துக்கினேன்." கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள்... சிரிப்பு வந்து தொலைத்தது. "டூட்டி எப்ப முடியும்?"

அன்று சாயங்காலம் மாதா கோயிலில் வயலின் மேலே மேலே போனது. கீழே அவள் விடாமல் தாங்கிக்கொண்டே வந்தாள். கடைசிச் சுரம் அடங்கிய பிறகும் அவன் வில்லை இறக்கவில்லை. கண் நிறைந்திருந்தது.

"நோட்டு எழுதினதெல்லாம் ஒரு சாக்குங்க," என்றான். "வர்றதுக்குத் தெகிரியம் இல்ல. எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்குது மேரி..."

எனக்கும்தான், எனக்கும்தான் என்று மனசு கத்தியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஞாயித்துக்கெழம ரெண்டாம் பூசைக்கு அப்புறம் எங்கப்பா வூட்லதான் இருப்பாரு... உங்க வூட்டுப் பெரியவங்கள இட்டுக்கினு வாங்க."